ஒட்டு

ஒட்டுவது எனக்குத் தெரிந்த வேலை என்று 62 வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். 1980களின் தொடக்கத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். ஏழு இதழ்கள் வந்து நின்றுபோயிற்று. அதற்கு ரேப்பர் ஒட்டுவது என் பொறுப்பு. காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 300 பிரதிகளுக்கு விலாசத் தாள் சுற்றுவேன். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்கினால் பசை தயார். அதில் ஒரே ஒரு விதிதான் உண்டு: தடவிய கையோடு ஒட்டிவிட வேண்டும். காய்ந்தால் போயிற்று. பத்திரிகை நின்ற பிறகு கல்யாணப் பத்திரிகை உறை, குழந்தைகளின் காகிதப் பட்டம், சுவரில் உரிந்த காலண்டர் என்று வாழ்க்கை முழுக்க இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டேன்.

அக்கா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறான். ‘ஓட்டுகிறான்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. விடியுமுன் ஓசூரிலிருந்து கிளம்பி சூளகிரி, மேலுமலை, கிருஷ்ணகிரி வழியாக 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் மிதித்து, எங்கள் வீட்டில் இட்லி தின்றுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்ப ஏறிப்போகிறவன். ஒருமுறை வந்தபோது தோளில் இரண்டு சக்கரங்களை மாட்டிக்கொண்டிருந்தான். கர்நாடகத்தில் விஜயபுரம், பாகல்கோட்டைப் பக்கம் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர்போன இடம். அங்கேயிருந்து பெங்களூருக்கு வந்து பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய விலைக்கு வாங்கினானாம். கூடவே சுருட்டி மடித்த மூன்று டயர்களும், இத்தாலியில் செய்த ஒரு டின் பசையும். “ரூம்ல இடமில்லை மாமா, நாத்தம் வேற. நீங்க கொஞ்சம் ஒட்டிக் குடுக்கறீங்களா?” என்றான். பசை என்ற சொல் காதில் விழுந்ததும், “அதுக்கென்னப்பா, வச்சுட்டுப் போ” என்று சொல்லிவிட்டேன்.

அது டியூபுலர் டயர். நாம் ஓட்டும் சைக்கிளில் டயர் வேறு, டியூப் வேறு. டயரின் இரண்டு விளிம்பிலும் கம்பி ஓடுகிறது. காற்று ஏறும்போது அந்தக் கம்பி ரிம்மின் உதட்டுக்குள் போய் இறுகிக்கொள்கிறது. பசைக்கு அங்கே வேலையில்லை. டியூபுலரில் டயர் துணியே டியூபைச் சுற்றி மூடி, அடியில் தையல் போடப்பட்டிருக்கிறது. தையல் தெரியாமல் மேலே ஒரு பருத்தி நாடா. மொத்தத்தில் வாய் தைத்த குழாய். அதற்கான ரிம்முக்கு உதடே கிடையாது, ஆழமில்லாத ஒரு வாய்க்கால்தான். காற்றடித்த டயர் தன் இறுக்கத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், உண்மை. ஆனால் வளைவில் சைக்கிள் சாயும்போது டயரைப் பக்கவாட்டில் இழுக்கும் விசைக்கு எதிராக நிற்பது பசை ஒன்றுதான்.

இத்தனை சிரமம் எதற்கு என்று அவனைக் கேட்டேன். உதடு இல்லாததால் ரிம்மின் எடை குறைகிறது, டயர் முழு வட்டமாக இருப்பதால் சாலையில் மெத்தென்று உருள்கிறது, எல்லாவற்றையும்விட, இறக்கத்தில் பஞ்சரானாலும் ஒழுங்காக ஒட்டிய டயர் ரிம்மை விட்டுக் கழலாது, நிறுத்துகிறவரை தாங்கும் என்றான். சமீப ஆண்டுகளில் பெரிய சாலைப் பந்தயக் குழுக்களே இதை விட்டு டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டன என்பதையும் அவனே சொன்னான். ஓடுபாதைப் பந்தயங்களில் இன்னும் இருக்கிறது. தன் காலத்தில் பாதி மறைந்துவிட்ட ஒரு பொருளின் மேல் ஒரு இளைஞனுக்கு ஏன் இந்த மோகம் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. 300 பிரதி பத்திரிகை நடத்தியவன் அதைக் கேட்கக்கூடாது.

அன்று மாலையே உட்கார்ந்தேன். அது என் சுபாவம். ரிம்மில் பழைய பசை பொருக்குப் பொருக்காக இருந்தது. ஈரத்துணியால் ஒரு துடை. டின்னைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் வாய்க்கால் முழுக்கத் தாராளமாகப் பூசினேன். டயரின் நாடாவிலும் பூசினேன். காய்ந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் உடனே ஏற்ற ஆரம்பித்தேன். சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, வால்வை மேலே இருக்கும் துளையில் சொருகி, இரண்டு கையாலும் டயரைக் கீழ்நோக்கி இழுத்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரு சாண் மிஞ்சும். எவ்வளவு இழுத்தாலும் அது வராது. சக்கரத்தை வயிற்றில் அண்டக்கொடுத்து இரண்டு கட்டைவிரலாலும் நெம்பியபோது சட்டென்று தாண்டி உட்கார்ந்தது. வேட்டி, கை, முன்கை மயிர், திண்ணைத் தூண் எல்லாவற்றிலும் பசை. காற்றடித்துச் சுழற்றிப் பார்த்தேன். நேராக ஓடியது. அதே சூட்டில் இரண்டாவதையும் முடித்தேன். மனைவி எட்டிப் பார்த்து, “எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு, அதுலயும் ஒட்டியிருந்தா சரி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் முன் சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, வால்வுக்கு நேர் எதிரில், கடைசியாக நெம்பி ஏற்றிய இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு டயரும் ரிம்மும் சேராமல் இருந்தது. விரலால் அழுத்தினால் மெல்ல விலகியது. விட்டால் மூடிக்கொண்டது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. ஓரத்தில் கொஞ்சம் பசையைச் செருகி, அழுத்தித் துடைத்து, சாத்தி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். சக்கரங்களை மாட்டினான், ஒரு சுற்றுப் போய் வந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “மாமா, சும்மா தண்ணி மேல போற மாதிரி இருக்கு” என்றான். அக்காவுக்குப் போன் போட்டு, மாமாவே வீட்டில் ஒட்டினார் என்று சொன்னான். அந்த நேரத்தில் அந்த ஒரு சாணைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் அந்தச் சக்கரங்களிலேயே ஓசூருக்குப் போனான். ஏற்றம்தானே, வேகம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஓசூர் மேட்டிலிருந்து கிருஷ்ணகிரி 300 மீட்டருக்கு மேல் தாழ்வு. போனவன் அடுத்த வாரம் இறங்கித்தான் ஆக வேண்டும். மேலுமலை இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து.

ஏழு நாள் இருந்தது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. புதன்கிழமை அவனே கூப்பிட்டு அக்காவின் முட்டிவலியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கத் தீர்மானித்தேன் என்றும் சொல்ல முடியாது. இந்த மாதிரி விஷயங்களில் தீர்மானம் என்று ஒன்று நடப்பதேயில்லை. ‘பசை இதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும்’ என்று ஒரு நினைப்பு. ‘ஒரு சாண்தானே, மீதி சுற்று முழுக்கப் பிடித்திருக்கிறதே’ என்று இன்னொன்று. இப்படியே ஞாயிறு வந்துவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தான், வியர்வை வழிய, பசியோடு. சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போது குனிந்து பார்த்து, “மாமா, இந்த வால்வு ஏன் சாஞ்சிருக்கு?” என்றான். ரிம்மிலிருந்து செங்குத்தாக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. அதற்கு அர்த்தம், ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது என்பது. நான் காற்றை இறக்கிக் கட்டைவிரலால் தள்ளினேன். அந்த ஒரு சாணில் மட்டுமில்லை, சுற்று முழுக்க, வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிட்டது. உள்ளே பசை ஒரு வாரத்துக்கு மேலாகியும் ஈரமாக, நூல் நூலாக இழுத்தது.

எனக்கு முன்பே தெரியும் என்று அப்போது சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தெரிஞ்சப்பவே சொல்லியிருக்கலாமே மாமா” என்றான். குரலை உயர்த்தவில்லை. பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு இட்லி தின்ன உள்ளே போய்விட்டான். அவன் கோபப்படுகிற விதம் அது.

2003ஆம் ஆண்டு டூர் த பிரான்ஸ். ஜூலை 14. ஐரோப்பாவில் அந்த வருஷம் கடும் வெயில். காப் என்ற ஊரை நோக்கி இறங்கும் மலைச்சாலையில் தார் உருகியிருக்கிறது. மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்திலிருந்த ஹோசெபா பெலோக்கி என்ற ஸ்பெயின்காரர் வளைவில் பிரேக் பிடிக்கிறார். பின் சக்கரம் பூட்டி வழுக்குகிறது, டயர் ரிம்மை விட்டுக் கழல்கிறது, மனிதர் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுகிறார். தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் முறிந்துவிட்டன. பின்னால் வந்த ஆம்ஸ்ட்ராங் அவர்மேல் மோதாமலிருக்கச் சாலையை விட்டு வயலுக்குள் இறங்கி, குறுக்கே ஓட்டி மறுபடி சாலையைப் பிடிக்கிறார். உலகம் அந்த வயலைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது. நான் தரையில் கிடந்து கத்துகிற மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பந்தயத்துக்குத் திரும்பி வந்தார், ஆனால் பழைய பெலோக்கியாக வரவில்லை. அங்கே தாரும் சூடும் சேர்ந்து செய்த காரியம். யாரோ தெரிந்தே மறைத்த ஒரு சாண் அதில் இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

‘தெரிஞ்சப்பவே சொல்லியிருக்கலாமே’ என்ற வாக்கியத்தை நான் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் பத்திரிகையின் ஐந்தாவது இதழில் ஒரு நண்பனின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். புத்தகம் கைக்கு வந்த இரவே எழுதினேன். அச்சு வாசனை போகாத புத்தகம், அதைவிட ஈரமான சிநேகம். பாதிக் கவிதைகளில் சொல் ஒரு பக்கமும் அனுபவம் ஒரு பக்கமுமாக நிற்பது எனக்குத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் விலகும் இடங்கள். அவற்றைத் தாண்டி எழுதினேன். ‘பிரக்ஞை’, ‘தரிசனம்’ என்று அந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் இருந்த சொற்களைத் தாராளமாகப் பூசினேன். அவன் அதை நம்பி அதே வழியில் இன்னும் இரண்டு தொகுப்பு போட்டான். பிறகு வேறு யாரோ, நான் பார்த்த அதே இடைவெளியைப் பார்த்து, என்னிடம் இருந்த சிநேகம் இல்லாமல் எழுதினார்கள். அவன் எழுதுவதை விட்டுவிட்டான். வருஷங்கள் கழித்துக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “உனக்கு அப்பவே தெரியுமா?” என்று கேட்டான். தெரியும் என்றேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னான். அவனும் குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். 40 வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கும் பாய் டியூபுலரைப் பார்த்ததில்லை. டயரைப் புரட்டி, தையலைத் தடவி, “துணி நல்ல துணி” என்றார். நான் ஒட்டிய விதத்தைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கையிலிருந்த டியூபில் வேலையைத் தொடர்ந்தார். அவர் பஞ்சர் ஒட்டுவதை நூறு முறை பார்த்திருப்பேன். அன்றுதான் கவனித்தேன். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்தார். ஒட்டுப்போடும் துண்டையும் தேய்த்தார். இரண்டிலும் சொல்யூஷனை விரலால் மெல்லப் பரப்பினார். பிறகு அதை அப்படியே முழங்காலில் போட்டுவிட்டு ஒரு பீடியைப் பற்றவைக்கப் போனவர், சொல்யூஷன் டப்பா பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுந்து தள்ளிப் போய்ப் பற்றவைத்தார். பாதி பீடி முடிந்து திரும்பி வந்து, புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கையில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

“காயட்டும் சார். ஈரத்துல ஒட்டினா ஈரத்தோடதான் ஒட்டியிருக்கும். ரப்பரோட ஒட்டியிருக்காது.”

நான் ஆயுள் முழுக்க நம்பிய விதி தாளுக்கு மட்டும் உரியது என்று அப்போது புரிந்தது. மைதாப் பசையில் உள்ள தண்ணீர் தாளின் வழியாகவே வெளியேறிவிடும். அதனால் ஈரமாக ஒட்டலாம். ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் அடைபட்ட கரைப்பானுக்கு வெளியே போக வழியில்லை. வாரக்கணக்கில் உள்ளே கொழகொழவென்று கிடக்கும். ஆகவே இரண்டு பக்கத்திலும் தனித்தனியே பூசி, தனித்தனியே காயவிட்டு, இரண்டும் தயாரான பிறகு சேர்க்க வேண்டும். பிடிப்பு என்பது சேர்க்கிற நிமிஷத்தில் வருவதில்லை. அதற்கு முன்னால் இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் காய்ந்த நேரத்தில் வருகிறது.

இதை நான் வேறு உருவத்தில் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். சந்தூரில் என் பெரியப்பா மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவார். தொட்டியில் வளர்ந்த நாட்டுக் கன்றைத் தாய்மரத்தின் கிளைக்கு அருகே கொண்டுபோய், கன்றின் தண்டிலும் கிளையிலும் ஒரே அளவுக்குப் பட்டையைச் சீவி, காயத்தோடு காயம் பொருந்தக் கட்டுவார். இரண்டில் ஒன்றைச் சீவாமல் விட்டால் சேராது. இரண்டு மூன்று மாதம் கட்டை அவிழ்க்காமல் காத்திருக்க வேண்டும். நாங்கள் பெங்களூரா என்று சொல்லும் கிளிமூக்கு மாம்பழம் இந்த மாவட்டம் முழுக்கப் பரவியது இப்படித் தோல் சீவிய தண்டுகளின் வழியாகத்தான். ஆனால் அந்த ஒட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாங்கன்று ஒருமுறை சேர்ந்தால் பிறகு பிரிவது என்ற பேச்சே இல்லை. டியூபுலர் பிரியவும் வேண்டும். நடுவழியில் பஞ்சரானால் டயரை உரித்து எறிந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் மடித்துக் கட்டியிருக்கும் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு மெதுவாக வீடு சேர வேண்டும். அந்த மாற்று டயரின் நாடாவிலும் முன்கூட்டியே பசை பூசிக் காயவைத்திருப்பார்கள். வேகத்தில் விடக்கூடாது, உரித்தால் வர வேண்டும். சிமெண்ட்டில் பதித்த மாதிரி ஒட்டிக்கொண்டால் அதுவும் தப்பு.

காத்திருக்க முடியாதவர்கள்தான் டயரின் சரித்திரத்தையே மாற்றினார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகச் செய்து பார்த்தது. அந்த முதல் டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டவைதான். அடுத்த ஆண்டே அப்படி ஒரு டயர் பஞ்சராகி, பிரான்ஸில் கிளேர்மோன்-பெரான் என்ற ஊரில் ரப்பர் பட்டறை வைத்திருந்த மிஷ்லென் சகோதரர்களிடம் வந்து சேர்ந்தது. உரித்துச் சரிபார்க்க மணிக்கணக்கில் ஆயிற்று. பிறகு பசை காய ஒரு இரவு. மறுநாள் ஏறி ஓட்டிய எத்வார் மிஷ்லென் சில நூறு மீட்டர் போவதற்குள் மறுபடி காற்றுப் போயிற்று. பசையே வேண்டாத, கழற்றி மாட்டும் டயரை 1891இல் அவர்கள் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரில் ஜெயித்தார். இன்று பாய் கடையில் தொங்கும் டயர்கள் எல்லாம் அந்த ஒரு இரவைப் பொறுக்க மாட்டாமல் பிறந்தவைதான்.

பொறுத்தவர்களும் இருந்தார்கள். ஐரோப்பாவின் மர ஓடுபாதைகளில் ஓட்டியவர்கள் நெடுங்காலம் டயர் ஒட்டியது அரக்கில். சாராயத்தில் கரைத்த அரக்கைப் பூச்சுப் பூச்சாகத் தடவிக் காயவைப்பார்களாம். அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தை மரங்களின் சுள்ளியில் ஒரு சின்னப் பூச்சி கக்கி வைக்கிற பிசின். 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அரக்கு என்றால் நமக்குப் பாண்டவர்களைக் கொளுத்த துரியோதனன் கட்டிய மாளிகைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பளபளவென்று உறுதியாக நிற்கும், சூடு கண்டால் இளகிவிடும். ஓடுபாதைச் சைக்கிளில் பிரேக் கிடையாது, ரிம் சூடேறாது, ஆகவே அங்கே அரக்கு தாங்கும். மேலுமலை இறக்கத்துக்கு ஆகாது. பிரேக் கட்டை உரசி ரிம் கொதிக்கும்போது எந்தப் பசையும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். அந்தத் தளர்ச்சிக்கும் மிச்சம் வைத்து ஒட்ட வேண்டும்.

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஆறு நாள். முதல் இரண்டு நாளும் பழைய பசையை எடுப்பதிலேயே போயிற்று. தின்னரில் நனைத்த துணியால் ஊறவைத்து, மரச்சில்லால் சுரண்டி, மறுபடி துடைத்து. என் பசைக்குக் கீழே எனக்கு முன் ஒட்டியவரின் பசை இருந்தது, தேன் நிறத்தில், சீராக, ஒரு இடத்தில்கூடத் திட்டு விடாமல். முகம் தெரியாத அந்த மனிதரின் பொறுமையைச் சுரண்டி எடுக்கும்போது கூச்சமாக இருந்தது. பிறகு வாய்க்கால் முழுக்க உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை மங்கவைத்தேன்.

மூன்றாம் நாள் முதல் பூச்சு. டயருக்கு ரிம் இல்லாமல் லேசாகக் காற்றடித்தால் அது தானே புரண்டு நாடாப் பக்கத்தை வெளியே காட்டுகிறது. அதில் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓரம்வரை மெல்லியதாகத் தடவி, கொடிக்கயிற்றில் மாட்டினேன். ரிம்மிலும் அதேபோல். நெடுஞ்சாலைத் தூசி படாமல் எல்லாம் உள் அறையில். ஜன்னல் திறந்தே இருந்தும் வீடெல்லாம் நெடி. “இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நாத்தம்?” என்றாள் மனைவி. சாதம் போடும்போதெல்லாம் கேட்டாள். ராத்திரி ஒரு கொசு பசையில் உட்கார்ந்து செத்திருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரும்பப் பூசினேன். நான்காம் நாள் இரண்டாம் பூச்சு. அன்று பகல் முழுக்க எனக்கு வேலையே இல்லை. காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை ரிம்மில் மட்டும் கடைசியாக ஒரு மெல்லிய பூச்சு. அது பாதி காய்ந்து, விரலை வைத்தால் இழுக்கிற பதம் வந்ததும் ஏற்றினேன். முன்பே காற்றோடு ரிம்மில் கிடந்து நீண்டிருந்த டயர் இந்த முறை சண்டை போடவில்லை. கடைசி ஒரு சாணில் மட்டும் நின்று, மூச்சு விட்டு, ஓரத்தில் எங்கும் வெற்றிடம் இல்லையென்று பார்த்து, பிறகு நெம்பினேன். சக்கரத்தைச் சுழற்றி நாடா இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரிகிறதா என்று திருத்தினேன். நிறையக் காற்றடித்து, அச்சை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தரையில் உருட்டி, ஒரு முழு நாள் அப்படியே சாத்தி வைத்தேன்.

ஞாயிறு அவன் பஸ்ஸில் வந்தான். நான் ஒன்றும் பேசாமல் காற்றை இறக்கிச் சக்கரத்தை அவன் கையில் கொடுத்தேன். “தள்ளிப் பாரு” என்றேன். மரியாதைக்காக மெல்லத் தள்ளினான். “அப்படி இல்லடா, என்மேல இருக்கிற கோவத்தோட தள்ளு.” சிரித்துவிட்டான். பிறகு முழங்காலுக்கு நடுவில் சக்கரத்தை இடுக்கிக்கொண்டு, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி, நரம்பு புடைக்கத் தள்ளினான். நகம் வெளுத்தது. டயர் அசையவில்லை. சுற்று முழுக்க ஒவ்வொரு சாணாக அப்படியே தள்ளிப் பார்த்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

பின் சக்கரத்தில் ஒரு இடத்தில் ஓரம் மயிரிழை தூக்கியிருப்பதாக எனக்குச் சந்தேகம். அதைக் காட்டினேன். நகத்தால் கீறிப் பார்த்து, “இது வெறும் நாடா மாமா, கீழே பிடிச்சிருக்கு” என்றான். ஆனாலும் எந்த இடம் என்று தெரிய ரிம்மில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது. பின்னால் லாரிச் சத்தம். கிருஷ்ணகிரி வந்துவிட்டதாகச் சொன்னான். நான் கேட்பதற்கு முன் அவனே, “இறங்கிப் பாத்துட்டேன் மாமா, ரெண்டு வால்வும் நேரா இருக்கு” என்றான். இட்லிக்கு ஊற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.